எந்த வழி, எந்தத் தாள்: பைக்கில் எல்லை தாண்டப் போகிறவர்களுக்கு

போன ஆவணியில் பல்லடத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் என் மனைவியின் அண்ணன் மகன். 26 வயது. அப்பாவோடு சேர்ந்து சோமனூரில் தறி ஓட்டுகிறான். சோறு விழுவதற்குள் கேட்டுவிட்டான்: "ஏனுங் மாமா, வண்டிய வெளிநாடு கொண்டு போறதுக்குக் கார்னெட் எடுத்தே ஆகோணுமுங்களா?"

"எந்த நாட்டுக்குப் போறே சாமி?" என்று கேட்டேன்.

அது இன்னும் முடிவாகவில்லையாம். ஒரு நாள் நேபாளம் என்று தோன்றுகிறதாம், மறுநாள் துருக்கி வழியாக ஐரோப்பா என்று தோன்றுகிறதாம். அவனுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த என் மச்சான் ரசத்துக்குக் குழி பறித்தபடியே சொன்னார்: "மாப்ள, அதெல்லாஞ் சரிங்க. எத்தன பணம் முடங்கும்? அத மொதல்ல சொல்லுங்க."

மகன் கேட்டதை விட அப்பா கேட்டதுதான் சரியான கேள்வி. ஆனால் அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் மகன் போகும் வழி தெரிய வேண்டும். பந்தியில் பேசி முடியவில்லை. நம் பக்கத்தில் இதே யோசனையில் இன்னும் பலர் இருக்கிறார்கள், ஈரோட்டிலும் பொள்ளாச்சியிலும் என்னிடமே கேட்டிருக்கிறார்கள். அதனால் விளக்கமாகவே எழுதுகிறேன்.

முதலில் கார்னெட் என்றால் என்ன என்று பார்ப்போம். பெயர் பிரெஞ்சு. சுங்கத்தைக் கடந்து போவதற்கான ஏடு என்று பொருள். வெளிநாட்டு வண்டி ஒரு நாட்டுக்குள் நுழைந்தால் அந்த நாட்டுச் சட்டப்படி அது இறக்குமதி, வரி உண்டு. "நான் விற்க மாட்டேன், திரும்பக் கொண்டு போய்விடுவேன்" என்று நாம் சொல்கிறோம். நம் முகத்தைப் பார்த்து அதிகாரி நம்ப முடியுமா? ஜாமீன் கேட்கிறார். அந்த ஜாமீன்தான் கார்னெட். வண்டி வெளியே போகவில்லை என்றால் வரியை நான் கட்டுகிறேன் என்று அதைக் கொடுத்த சங்கம் பொறுப்பேற்கிறது. அந்தச் சங்கம் நம்மை நம்ப வேண்டுமே, அதற்காக நம்மிடம் பணத்தைப் பிடித்து வைக்கிறது.

கணபதியில் பம்பு தயாரிக்கும் நண்பர் ஒருவர் வண்டியைத் துபாய்க்குக் கப்பலில் அனுப்பி, அங்கிருந்து ஈரான் வழியாகத் துருக்கி வரை போய் வந்தவர். அவருடைய கார்னெட்டைப் பக்கம் பக்கமாகப் பார்த்திருக்கிறேன். நெகமம் சேலை வந்த ஜிப் உறைக்குள் போட்டுப் பீரோவில் வைத்திருந்தார். ஒவ்வொரு பக்கமும் துளைக்கோடு போட்ட மூன்று துண்டு. நாட்டுக்குள் நுழையும்போது அடித்துண்டைக் கிழித்துச் சுங்க அதிகாரி வைத்துக்கொள்கிறார். வெளியேறும்போது நடுத்துண்டு போகிறது. மேல்துண்டு மட்டும் ஏட்டிலேயே தங்கும். அதில் உள்ளே வந்ததற்கு ஒரு முத்திரை, வெளியே போனதற்கு ஒரு முத்திரை. ஒரு நாட்டுக்கு ஒரு தடவை போய் வர ஒரு பக்கம். ஏடு ஒரு வருடம் செல்லும். ஒரு பக்கத்தைக் காட்டி அவர் சொன்னார்: "இந்த எடத்துல வெளியே போற முத்திரை இல்லாமயே கெளம்பிட்டேன். நாப்பது கிலோமீட்டர் போயிட்டுத் திரும்பி வந்தேனுங்க." முத்திரையின் ஓரத்தில் நீல மை கலங்கியிருந்தது. அவர் வியர்த்த கைதான் காரணம்.

நாற்பது கிலோமீட்டர் திரும்பிப் போனதற்கு நியாயம் இருக்கிறது. வெளியேறும் முத்திரை இல்லையென்றால் அந்த நாட்டின் கணக்கில் வண்டி இன்னும் உள்ளேயே இருக்கிறது. மாதக்கணக்கில் கழித்து வரி கேட்டுக் கடிதம் வரும், ஜாமீன் பணத்தில் கை வைப்பார்கள். அப்படி ஆகிவிட்டாலும் வழி உண்டு. வண்டி ஊர் திரும்பிய பிறகு நம் சுங்கத்திடம் கொண்டுபோய்க் காட்டி, இந்த வண்டி இந்த நாளில் இங்கே இருக்கிறது என்று இருப்பிடச் சான்று வாங்கலாம். அதற்கான படிவம் கார்னெட்டுடனே வரும். ஆனாலும் அலைச்சல்தான். எல்லையில் பத்து நிமிடம் நின்று முத்திரையைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கிளம்புவது எவ்வளவோ மேல்.

இந்தியாவில் கார்னெட் மும்பையில் உள்ள வெஸ்டர்ன் இந்தியா ஆட்டோமொபைல் அசோசியேஷன் வழியாகக் கிடைக்கிறது. சென்னையில் தென்னிந்திய ஆட்டோமொபைல் சங்கம் இருக்கிறது. நம் ஊரிலிருந்து அங்கே முதலில் விசாரித்துவிட்டு மும்பைக்கு எழுதுவது வசதி.

சரி, மச்சான் கேட்ட பணக் கணக்குக்கு வருவோம். கட்டணம் ஒரு பக்கம், ஜாமீன் ஒரு பக்கம். கட்டணத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பயணச் செலவோடு பார்த்தால் அது சிறியது. ஜாமீன் அப்படியில்லை. வண்டியின் மதிப்பையும், ஏட்டில் எழுதும் நாடுகள் எவ்வளவு வரி போடுகின்றன என்பதையும் பார்த்து அதைத் தீர்மானிக்கிறார்கள். இறக்குமதி வரி வண்டி விலையையே தாண்டிவிடும் நாடுகள் இருக்கின்றன. பட்டியலில் அப்படி ஒரு நாடு இருந்தால் போதும், மொத்த ஜாமீனும் ஏறிவிடும். வண்டியின் மதிப்பு 3 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மதிப்புக்குச் சமமாக ஜாமீன் கேட்டால் 3 லட்சம், இரண்டு மடங்கு கேட்டால் 6 லட்சம். வங்கி உத்தரவாதமாகக் கொடுத்தால், வங்கி நம் வைப்புத் தொகையைப் பிடித்து வைத்துக்கொண்டுதான் உத்தரவாதக் கடிதம் தரும், அதற்குக் கமிஷனும் எடுக்கும். வைப்புத் தொகைக்கு வட்டி ஓடும், சரி. ஆனால் எடுக்க முடியாது.

எவ்வளவு நாள் எடுக்க முடியாது என்பதில்தான் பலர் கணக்குத் தப்புகிறார்கள். பயணம் நாற்பது நாள் என்றால் பணம் நாற்பது நாளில் வராது. ஊர் திரும்பி, ஏட்டைத் திருப்பிக் கொடுத்து, எல்லா முத்திரையும் சரி என்று சங்கம் பார்த்து முடித்த பிறகுதான் உத்தரவாதத்தை விடுவிப்பார்கள். தறி வைத்திருப்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. சனிக்கிழமை ஆனால் கூலி கொடுத்தாக வேண்டும், கரண்ட் பில் வந்துவிடும், பாவு மாற்ற ஆள் வந்து நிற்பான். அந்த 6 லட்சம் புழக்கத்தில் இருக்கும் பணமா, சும்மா கிடக்கும் பணமா என்பதை அப்பனும் மகனும் உட்கார்ந்து பேசிக்கொள்ள வேண்டும். புழக்கப் பணம் என்றால் கார்னெட் வழியை இந்த வருடம் விட்டுவிடுங்கள் என்பதே என் கருத்து. சும்மா கிடக்கும் பணம் என்றால் கவலையில்லை, ஒழுங்காக முத்திரை வாங்கி வந்தால் ஒரு ரூபாய் குறையாமல் திரும்பும்.

இவ்வளவும் கார்னெட் கேட்கும் நாடுகளுக்குத்தான். ஈரான், வங்கதேசம், இலங்கை போன்றவை அந்தப் பட்டியலில் வரும். பாகிஸ்தான் வழி நம் பாஸ்போர்ட்டுக்குத் திறந்திருக்கவில்லை, அந்தப் பேச்சே வேண்டாம். இலங்கையைப் பற்றி ஒரு வார்த்தை. 2023 அக்டோபரில் நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பல் ஓடத் தொடங்கியபோது வண்டியோடு யாழ்ப்பாணம் போய்விடலாம் என்று நம் பையன்கள் பலர் ஆசைப்பட்டார்கள். அது பயணிகள் கப்பல், வண்டி ஏறாது. வண்டி சரக்காகத்தான் போக வேண்டும், கார்னெட்டோடு.

நேபாளம், பூடான் இரண்டுக்கும் நம் வண்டிக்குக் கார்னெட் தேவையில்லை. இதைத் தெரியாமலே சிலர் பணம் கட்டத் தயாராகிறார்கள். நேபாள எல்லையில் பன்சார் என்று ஒரு சீட்டு வாங்கினால் போதும், அங்கே சுங்கத்துக்கு அதுதான் பெயர். ஆர்.சி., லைசென்ஸைக் காட்டி, இத்தனை நாள் இருக்கப் போகிறேன் என்று சொல்லி, நாள் கணக்குக்குப் பணம் கட்ட வேண்டும். நமக்கு விசாவும் வேண்டாம்.

நான் 2018-ல் ஈரோட்டிலிருந்து இரண்டு நண்பர்களோடு முக்திநாத் போனேன். 108 திவ்ய தேசங்களில் ஒன்று என்பதால் என் அம்மாவுக்கு அங்கே ஒரு வேண்டுதல் இருந்தது. சுனாலி எல்லையில் ஏழு நாளுக்குப் பன்சார் கட்டினோம். எட்டாவது நாளைப் பற்றி யோசிக்கவே இல்லை. நாங்கள் போனது ஆடி மாதத்தில். பேனியிலிருந்து ஜோம்சோம் போகும் மலைப்பாதையில் மண் சரிந்து இரண்டு நாள் நின்றுவிட்டோம். சாலையின் குறுக்கே செம்மண்ணும் பாறையும் கிடக்க, அந்தப் பக்கம் நின்ற பஸ்ஸிலிருந்து இந்தப் பக்கம் நின்ற பஸ்ஸுக்கு ஆட்கள் மூட்டையோடு ஏறி இறங்கினார்கள். எங்கள் வண்டிகள் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றன. ஒன்பதாவது நாள் எல்லைக்கு வந்தபோது கூடுதல் நாளுக்கான தொகையோடு அபராதமும் கட்டினோம். அரை நாள் வாக்குவாதமும் சேர்ந்தது, இத்தனைக்கும் தப்பு எங்கள் பக்கம். அதிலிருந்து யார் கேட்டாலும் சொல்கிறேன்: மலைநாட்டுக்குப் போனால் கணக்குப் போட்ட நாளோடு இரண்டு நாள் சேர்த்தே கட்டுங்கள். அந்தச் சீட்டையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், வழியில் போலீஸ் கேட்பார்கள்.

பூடானுக்கு ஜெய்காவ் வழியாக புன்ட்ஷோலிங் போய், ஆளுக்கு அனுமதி, வண்டிக்கு அனுமதி என இரண்டும் வாங்க வேண்டும். 2022 செப்டம்பர் முதல் இந்தியர்களுக்கு ஓர் இரவுக்கு 1,200 ரூபாய் கட்டணம் இருக்கிறது. பத்து இரவு தங்கினால் அதுவே 12,000 ஆகிறது, பட்ஜெட்டில் எழுதிக்கொள்ளுங்கள். இந்த இரண்டு நாடுகளுக்கும் போகிறவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுவது இன்ஷூரன்ஸ். நம் பாலிசி இந்தியாவுக்குள் மட்டும்தான் செல்லும். நேபாளம், பூடான், வங்கதேசம், இலங்கை ஆகியவற்றுக்கும் செல்லும்படி எல்லையை நீட்டித் தரச் சொல்லிக் கொஞ்சம் கூடுதல் பிரீமியம் கட்டலாம். ஊரிலேயே, கிளம்பும் முன்பே, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கார்னெட் இல்லாமலும் தூரம் போக ஒரு வழி இருக்கிறது. அதை இன்னும் பலர் யோசித்துப் பார்ப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியம், துருக்கி, ஜார்ஜியா, ரஷ்யா, கசகஸ்தான், கிர்கிஸ்தான் எதற்கும் கார்னெட் வேண்டாம். எல்லையிலேயே தற்காலிக அனுமதி கிடைக்கும். வெளிநாட்டில் குடியிருப்பவரின் சொந்த வண்டிக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆறு மாதம் வரை வரி இல்லை. ரஷ்யா, கசகஸ்தான், கிர்கிஸ்தான் மூன்றும் ஒரே சுங்கக் கூட்டணி. ஒன்றில் நுழையும்போது கொடுக்கும் தாளை வைத்தே மற்ற இரண்டிலும் ஓட்டலாம். ஆக, வண்டியைத் துபாயில் இறக்கி ஈரான் வழியாகப் போனால் கார்னெட் வேண்டும். அதே வண்டியை நேராக ஐரோப்பியத் துறைமுகம் ஒன்றில் இறக்கினால் வேண்டாம். ஒரே ஆள், ஒரே வண்டி, முடிகிற இடமும் ஒன்று. இறக்கும் துறைமுகம் மாறியதில் 6 லட்சம் முடங்குவது மாறிவிடுகிறது.

ஆனால் கப்பல் கூலி கூடும். அதோடு நம் பக்கத்துத் தாளையும் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். கார்னெட் இருந்தால் நம் சுங்கமும் அதிலேயே முத்திரை வைத்து வண்டியை அனுப்பித் திரும்ப எடுத்துக்கொள்ளும். அது இல்லாமல் அனுப்பும்போது ஷிப்பிங் பில், அதாவது சுங்கத்துக்குக் கொடுக்கும் ஏற்றுமதிப் பத்திரம், சரியாக இருக்க வேண்டும். திரும்பக் கொண்டு வரப்போகும் வண்டி என்பதும், எஞ்சின் எண், சேஸிஸ் எண் இரண்டும் அதில் தெளிவாக இருக்க வேண்டும். 2017-ல் வந்த 45-ஆம் எண் சுங்க அறிவிப்பின்படி, ஏற்றுமதியான பொருள் மூன்று வருடத்துக்குள், கைமாறாமல், அதே பொருள்தான் என்று அடையாளம் காட்டக்கூடிய நிலையில் திரும்பி வந்தால் சலுகை உண்டு. அந்த அடையாளத்தைக் காட்டுவது ஷிப்பிங் பில்லில் இருக்கும் இரண்டு எண்கள்தான். ஏஜெண்டு அவசரத்தில் 'பழைய மோட்டார் சைக்கிள் 1' என்று மட்டும் எழுதிவிட்டால், திரும்பி வரும்போது நம் வண்டிக்கே நாம் இறக்குமதி வரி கட்டும் நிலை வரலாம்.

இந்த விஷயத்தில் கொங்குநாட்டில் இருப்பது பெரிய வசதி. திருப்பூரில் தெருவுக்கு ஒருவர் சரக்கு அனுப்பிப் பழகியவர். இருகூரில் உலர் துறைமுகம் இருக்கிறது, கடற்கரைக்குப் போகாமலே சுங்க வேலையை முடித்துக் கன்டெய்னரை அனுப்பும் இடம் அது. தூத்துக்குடிக்கும் கொச்சிக்கும் நல்ல சுங்க ஏஜெண்டு யார் என்று பனியன் கம்பெனிக்காரரைக் கேட்டால் சொல்லிவிடுவார். மரப்பெட்டி அடிக்கவும் கோவையில் ஆள் இருக்கிறார்கள். பம்பும் கிரைண்டரும் அனுப்பும் பட்டறைகளுக்குச் சூடேற்றிய மரத்தில் பெட்டி அடித்து, மரத்தில் பூச்சி இல்லை என்பதற்கான ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை குத்தித் தருபவர்கள் அவர்கள். அந்த முத்திரை இல்லாத மரப்பெட்டியை வெளிநாட்டுத் துறைமுகத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நான்கைந்து பேர் சேர்ந்தால் ஒரு இருபதடி கன்டெய்னரைப் பகிர்ந்துகொள்ளலாம். தனியாளாகப் போகிறவருக்கு இந்த வழி கட்டுப்படியாகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். ஜெர்மனிக் கண்காட்சிக்குத் துணி மாதிரி கொண்டு போன திருப்பூர்க்காரர்கள் சிலர், "கார்னெட்டா? டெல்லியில ஃபிக்கியில தருவாங்க, நான் வாங்கியிருக்கேன்" என்கிறார்கள். ஃபிக்கி என்ற தொழில் வர்த்தக சபைக் கூட்டமைப்பில் அவர்கள் வாங்கியது ஏ.டி.ஏ. கார்னெட். கண்காட்சிப் பொருளுக்கும் தொழில் கருவிக்குமானது. ஊர் சுற்றப் போகும் சொந்த வண்டிக்கு அது ஆகாது. பெயர் ஒன்றாக இருப்பதால் வந்த குழப்பம்.

கிழக்கே போகும் ஆசை உள்ளவர்களுக்குச் சுருக்கமாகவே சொல்ல முடிகிறது. 2021 ராணுவப் புரட்சிக்குப் பிறகு மோரே வழியாக மியான்மருக்குள் வண்டியோடு போய்த் தாய்லாந்து சேரும் பழைய வழியை நம்பித் திட்டம் போட முடியாது. தாய்லாந்தும் 2016 முதல் வெளிநாட்டு வண்டிக்குப் பயண நிறுவனம் வழியாக முன்அனுமதி கேட்கிறது. சீனா வழியாகப் போனால் வழிகாட்டியோடு, தற்காலிக நம்பர் பிளேட்டோடு, அங்குள்ள நிறுவனத்தின் ஏற்பாட்டில்தான் போக வேண்டும். குழுவாகப் போகிறவர்களுக்கே அந்தச் செலவு தாங்கும்.

இருபது நாள் லீவுதான் இருக்கிறது, பாமிர் மலையைப் பார்த்தே ஆக வேண்டும் என்பவர் சொந்த வண்டியை விட்டுவிடுங்கள். கிர்கிஸ்தானில் பிஷ்கெக்கிலும் ஓஷிலும் வாடகைக்கு வண்டி கிடைக்கிறது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் 1,000 ரூபாய் கட்டி வாங்கும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி ஒரு வருடம் செல்லும், அதை எடுத்துக்கொண்டு விமானம் ஏறலாம். வாடகை வண்டியைப் பக்கத்து நாட்டுக்குள் கொண்டு போக வேண்டுமென்றால் உரிமையாளர் எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரத்தை மட்டும் முன்பே கேட்டு வாங்குங்கள். சொந்த வண்டியில் போன நிறைவு இதில் வராது, அது எனக்கும் தெரியும். ஆனால் லீவில் பாதி நாள் துறைமுக வாசலில் போவதற்கு இது தேவலை.

எந்த வழியில் போனாலும் சொந்த வண்டி என்றால் இரண்டு விஷயத்தை வீட்டிலேயே முடித்துவிட வேண்டும். ஒன்று, வண்டி யார் பெயரில் இருக்கிறது. நம் பக்கத்தில் பாதி வண்டி அப்பா பெயரில்தான் இருக்கும். கார்னெட்டில் ஆர்.சி.யில் உள்ள பெயர்தான் வரும். வேறொருவர் ஓட்டினால் உரிமையாளரின் அதிகாரக் கடிதம் வேண்டும். ஒவ்வொரு எல்லையிலும் அதை விளக்கிக்கொண்டிருப்பதற்கு, 29, 30 படிவங்களைக் கொடுத்துப் பெயரை மாற்றிக்கொள்வது சுலபம். இரண்டு, கடன். ஆர்.சி.யில் வங்கியின் பெயர் இருந்தால் வண்டி முழுதாக நம்முடையது இல்லை. வங்கியிடம் ஆட்சேபணை இல்லாச் சான்று வாங்க வேண்டும். கடன் முடிந்திருந்தால் 35-ஆம் படிவம் கொடுத்து அந்தப் பெயரையே எடுத்துவிடலாம்.

கல்யாணம் முடிந்து இரண்டு வாரம் கழித்துச் சோமனூர் போயிருந்தேன். பையன் முடிவெடுத்திருந்தான். இந்த வருடம் நேபாளமும் பூடானும். ஐரோப்பா அப்புறம், நான்கு பேர் சேர்ந்த பிறகு, கன்டெய்னரில். மச்சானும் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தார். "பணத்த முடக்காமப் போறான்னா போகட்டுமுங்க மாப்ள" என்றார்.

தறிக்கூடத்துக்கு வெளியே வண்டியை நிறுத்தி, ஹேண்டிலை ஒரு பக்கம் திருப்பச் சொன்னேன். கழுத்துக்குக் கீழே சேஸிஸ் எண் அடித்திருக்கும் இடத்தைத் துணியால் துடைத்து, வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்த்தேன். எண் ஒவ்வொன்றாகத் தாளில் எழுந்து வந்தது. ஆர்.சி.யைப் பக்கத்தில் வைத்து விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தோம். கடைசிக்கு முந்தைய எண் வண்டியில் 3, ஆர்.சி.யில் 8.

"இத்தன வருசமா யாருமே பாக்கலீங் மாமா" என்றான்.

திங்கள்கிழமை காலையில் அப்பனும் மகனும் அந்தப் பென்சில் தாளை எடுத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. அலுவலகம் போனார்கள். எண்ணைத் திருத்துவதோடு பெயர் மாற்றத்துக்கும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்கள். புது ஆர்.சி. கைக்கு வந்த பிறகு கிளம்பும் தேதியைக் குறிக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.